தியாரோய் 1944: காசாபிளாங்காவில் இறங்கியதாகச் சொல்லும் அந்த 400 பேர் எங்கே?

ஆற்காட்டான்:
பிரெஞ்சு தேசிய நாளான ஜூலை 14 அன்று புதுச்சேரிக் கடற்கரைப் போர் நினைவுச்சின்னத்துக்கு விளக்குப் போடுவது பற்றிய இழையில் சொல்தா பேரன் எழுதியதை இங்கே ஒட்டுகிறேன். அங்கேயே பதில் போட்டால் விழாப் படங்களுக்கு அடியில் போய்விடும். தியாரோய் என்பது செனகலில் டக்கார் நகருக்கு வெளியே இருந்த பிரெஞ்சு ராணுவ முகாம். 1944 டிசம்பர் 1 அன்று, சம்பளப் பாக்கி கேட்ட ஆப்பிரிக்கச் சிப்பாய்களை பிரெஞ்சு ராணுவம் அங்கே சுட்டது. காசாபிளாங்கா, அவர்கள் பிரான்சிலிருந்து வந்த கப்பலின் வழியில் உள்ள மொராக்கோத் துறைமுகம்.

"தியாரோயை ஊதிப் பெரிதாக்குகிறார்கள். சம்பளத் தகராறில் ஆப்பிரிக்கச் சிப்பாய்கள் கலகம் செய்தார்கள், ராணுவம் சுட்டது. இறந்தது 35 பேர். 300, 400 என்பதெல்லாம் பிற்பாடு கட்டிய கதை. கப்பலில் வந்து சேர்ந்தவர்களே 1,300 பேர்தான். மீதி 400 பேர் வழியில் காசாபிளாங்காவிலேயே இறங்கிவிட்டார்கள்."

படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. விவரம் தெரியாதவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். 1940இல் பிரான்ஸ் தோற்றபோது ஜெர்மானியரிடம் சிக்கிய ஆப்பிரிக்கச் சிப்பாய்களை ஜெர்மனிக்குக் கொண்டுபோகவில்லை. கறுப்பன் தங்கள் மண்ணை மிதிக்கக் கூடாது என்று பிரான்சிலேயே முகாம் போட்டு அடைத்தார்கள். 1943 வாக்கில் சில முகாம்களில் ஜெர்மன் காவலர்கள் விலகிக்கொள்ள, பிரெஞ்சு அதிகாரிகளே தங்கள் சொந்தச் சிப்பாய்களுக்குக் காவல் நின்றார்கள். இதைவிடக் கேவலம் உண்டா? விடுதலையான பிறகு 1944 நவம்பர் 5 அன்று பிரான்சின் மொர்லே துறைமுகத்தில் 'சர்க்காசியா' என்ற பிரிட்டிஷ் கப்பலில் ஏற்றினார்கள். சிறையிருந்த காலத்துச் சம்பளப் பாக்கியில் கால் பங்கு பிரான்சில், முக்கால் பங்கு டக்காரில் என்பது உத்தரவு. காசு கைக்கு வராமல் ஏற மாட்டோம் என்று 315 பேர் துறைமுகத்திலேயே நின்றுவிட்டார்கள். மற்றவர்கள் நவம்பர் 21 டக்கார் வந்து, ஊருக்கு வெளியே தியாரோய் முகாமில் தங்க வைக்கப்பட்டார்கள். முக்கால் பங்கு வரவில்லை. 500 பேரை இன்றைய மாலியில் உள்ள பமாக்கோவுக்கு ரயிலில் ஏற்றி அனுப்பப் பார்த்தார்கள், அவர்கள் போக மறுத்தார்கள். பிரெஞ்சு ஜெனரல் டாக்னான் வந்தார். காரை மறித்துக் கேட்டார்கள். ஆவன செய்வதாகச் சொல்லிவிட்டுப் போனவர், டிசம்பர் 1 காலை டாங்கியையும் கவச வண்டிகளையும் அனுப்பினார்.

சொல்தா பேரனிடம் ஒரே கேள்வி. காசாபிளாங்காவில் 400 பேர் இறங்கினார்கள் என்கிறீர்களே, இறங்கி எங்கே போனார்கள்?

சொல்தா பேரன்:
அடடா, எனக்கென்று தனி இழையா! நன்றி ஐயா.

நான் எழுதியதில் எந்த வரி பொய்? ராணுவ அறிக்கையில் இருப்பதைத்தான் சொன்னேன். வந்தவர்கள் 1,200இலிருந்து 1,300 என்று அறிக்கை சொல்கிறது. 400 பேர் காசாபிளாங்காவில் நின்றுவிட்டதும் அந்தக் காலத்துப் பதிவில் இருக்கிறது. நானாகக் கற்பனை செய்யவில்லை. போர் நடந்துகொண்டிருக்கும்போது ஜெனரலின் காரை மறித்தால் எந்த நாட்டுப் பட்டாளமும் பூ தூவாது. எங்கள் தாத்தா சைகோனில் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர். பட்டாளம் என்றால் என்ன என்று எங்கள் வீட்டில் யாரும் இணையத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை.

ஆற்காட்டான்:
தாத்தா சைகோனில் இருந்தார், சரி. அந்த 400 பேர் எங்கே இருந்தார்கள்?

கேள்வி விளங்கவில்லை என்றால் விரித்துச் சொல்கிறேன். 400 சிப்பாய் என்பது இரண்டு, மூன்று கம்பெனி. அத்தனை பேர் ஒரு துறைமுகத்தில் இறங்கினால் முகாம் வேண்டும், சோறு வேண்டும், பிறகு ஊருக்கு அனுப்ப இன்னொரு கப்பல் வேண்டும். ஒவ்வொன்றுக்கும் காகிதம் இருக்கும். ராணுவம் ஒரு பூட்ஸ் ஜோடிக்கே கையெழுத்து வாங்குகிற இடம். ஆர்மெல் மபோன் என்ற பிரெஞ்சு வரலாற்று ஆய்வாளர் வருஷக்கணக்காக ஆவணக் காப்பகங்களில் தேடியவர். மொர்லேயில் ஏறியவர்கள் 1,600இலிருந்து 1,700 வரை என்கிறார். இந்த 400 பேர் இறங்கிய கதையே இறந்தவர்களின் எண்ணிக்கையை மறைக்கச் சேர்த்தது என்கிறார். 1,700இலிருந்து 1,300 போனால் எவ்வளவு? அந்த 400தானே செத்ததாகச் சொல்லும் எண்ணிக்கைக்குப் பக்கத்தில் வருகிறது? இது உங்கள் கண்ணில் படவே இல்லையா?

கருவூலம்:
குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். நான் சம்பளப் பட்டியலோடு ஆயுளைக் கழித்தவன், அதனால் கணக்கு மட்டும் பேசுகிறேன்.

ஆற்காட்டான் செய்வது கழித்தல் கணக்கு. ஏறியவர் ஓர் எண், இறங்கியவர் ஓர் எண், வித்தியாசம் எல்லாம் பிணம். இப்படிக் கணக்கு எழுதினால் தணிக்கையில் நிற்காது. ஏறியவர் 1,700 என்ற எண்ணே முதலில் உறுதியா? மார்ட்டின் மூர் என்ற ஆய்வாளரும் இதே விஷயத்தில் வேலை செய்தவர்தான். எண்ணிக்கையில் மபோன் அளவுக்கு அவர் அடித்துப் பேசவில்லை. அதையும் சொல்லியிருக்க வேண்டாமா?

ஆற்காட்டானுக்கு இது வழக்கம். 1806 வேலூர் இழையிலும் இதேதான் நடந்தது. இறந்த சிப்பாய்கள் 350 என்று ஒரு நூலில் இருக்கும், 800 என்று இன்னொன்றில் இருக்கும். இவர் கை எப்போதும் பெரிய எண் பக்கம்தான் போகும். அப்போது நான் கேட்ட கேள்விக்கு இன்றுவரை பதில் வரவில்லை.

ஆற்காட்டான்:
வேலூரை இங்கே இழுக்காதீர்கள். அந்த இழையில் நீங்கள் கேட்டதற்கு நான் எழுதிய பதில் அங்கேயே இருக்கிறது. படிக்காதது என் குற்றமில்லை.

தணிக்கை தெரிந்தவர்தானே நீங்கள்? அப்படியானால் 35 என்ற எண்ணைத் தணிக்கை செய்யுங்கள். 35 பேர் இறந்தார்கள் என்றால் 35 பெயர் வேண்டும், 35 ஊர் வேண்டும், 35 வீட்டுக்குத் தகவல் போயிருக்க வேண்டும். 80 வருஷம் கழித்து, 2024 ஜூலையில், பிரான்சுக்காக உயிர் நீத்தவர் என்று அந்த நாடு அறிவித்தது 6 பேரை. நான்கு பேர் செனகல், ஒருவர் ஐவரி கோஸ்ட், ஒருவர் அன்றைய அப்பர் வோல்ட்டா, இன்றைய புர்கினா. மீதி 29 பேர் எங்கே? ராணுவத் தாள்களிலேயே ஓர் இடத்தில் 35 என்றும் இன்னோர் இடத்தில் 70 என்று வரும்படியும் எழுதியிருக்கிறது. அவர்கள் எண்ணே அவர்களோடு ஒத்துப்போகவில்லை. அதை விட்டுவிட்டு என் கழித்தல் கணக்கில் குற்றம் கண்டுபிடிக்கிறீர்கள்.

சொல்தா பேரன் இன்னும் பதில் சொல்லவில்லை. காசாபிளாங்காவில் இறங்கி எங்கே போனார்கள்?

லாச்சப்பல் ரவி:
ஆற்காட்டான் அண்ணை, நான் பாரிசில இருக்கிறன். என்னோட சமையலறையில வேலை செய்யிற மாலிப் பெடியன்ர பாட்டனும் உந்தப் பட்டாளத்தில இருந்தவர். சிவப்புத் தொப்பியோட எடுத்த படம் ஒண்டு அவன்ர போனில கிடக்குது. நீங்கள் எல்லாரும் செத்தவையின்ர கணக்கைக் கதைக்கிறீங்கள். உயிரோட திரும்பினவைக்கு என்ன நடந்தது எண்டு ஒருத்தரும் கதைக்கேல்லை.

1959ஆம் ஆண்டு வரவுசெலவுச் சட்டத்தில, விடுதலை அடைஞ்ச நாட்டு ஆக்களின்ர பென்சனை அப்பிடியே உறைய வச்சவை. ஒரே போர், ஒரே பதுங்கு குழி, ஒரே காயம். பிரெஞ்சுக்காரனுக்குப் பென்சன் விலைவாசியோட ஏறும், செனகல்காரனுக்கு ஏறாது. 2001இலதான் டியோப் எண்ட செனகல் ஆளின்ர வழக்கில, இது பாகுபாடு எண்டு பிரான்சின்ர உச்ச நிர்வாக நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லிச்சுது. அதுக்குப் பிறகும் இழுத்து இழுத்து, 2010இல அரசமைப்புச் சபை தலையிட்ட பிறகுதான் முழுசாச் சரிவந்தது. முதியோர் கொடுப்பனவு எடுக்கிற கிழவன்மார் வருஷத்தில பாதிநாள் பிரான்சில இருக்கவேணும் எண்ட விதி 2023 வரைக்கும் இருந்தது. பேரப்பிள்ளையளை விட்டிட்டு புறநகர் விடுதி அறையில தனியக் கிடந்தவை. தொண்ணூறு வயசில, ஐயா.

புதுச்சேரி ஆக்களுக்கு உந்தப் பிரச்சினை வரேல்லை. ஏனெண்டால் அவை பிரெஞ்சுக் குடியுரிமையோட இருந்தவை. அதாலதான் சிலருக்கு தியாரோய் விளங்குதில்லை.

சொல்தா பேரன்:
ரவி, என் வீட்டுப் பென்ஷனை எதற்கு இழுக்கிறீர்கள்? எங்கள் தாத்தா யாரிடமும் பிச்சை எடுக்கவில்லை. இந்தோசீனாவில் சேற்றில் படுத்துக்கிடந்து சம்பாதித்தது. 1962இல் புதுச்சேரியை இந்தியாவோடு இணைத்த ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தபோது குடியுரிமையைத் தேர்ந்தெடுக்கும் உரிமை சட்டப்படி கொடுக்கப்பட்டது, தேர்ந்தெடுத்தார். இன்றும் மாசம் பிறந்தால் பாட்டிக்குப் பணம் வருகிறது என்று அக்கம்பக்கத்தில் ஒரு பொறாமை, இப்போது பாரிசிலிருந்தும் ஒன்று.

ஒன்று கேட்கிறேன். 1940இல் பிரான்ஸ் விழுந்தபோது புதுச்சேரி என்ன செய்தது? கவர்னர் போன்வேன், ஜெர்மனியை எதிர்த்துப் போரைத் தொடர்ந்த தெகோல் பக்கம் நின்றார். டக்கார் என்ன செய்தது? செப்டம்பரில் தெகோல் கப்பலோடு போய் நின்றபோது கோட்டையிலிருந்து பீரங்கியால் சுட்டார்கள். இதைச் சொன்னால் உங்களுக்குக் கசக்கும். எங்களைப் பார்த்து விசுவாசம் பேச வேண்டாம்.

ஆற்காட்டான்:
டக்காரில் சுட உத்தரவிட்டது கவர்னர் ஜெனரல் புவாசோன். வெள்ளைக்காரர், ஜெர்மனியோடு ஒத்துப்போன விஷி அரசின் ஆள். அதற்கு ஆப்பிரிக்கச் சிப்பாய் எப்படிப் பொறுப்பு? அதே 1940 ஆகஸ்டில் சாட் நாட்டில் கவர்னர் ஃபெலிக்ஸ் எபுவே தெகோல் பக்கம் வந்தார், கறுப்பின மனிதர். அங்கிருந்து கிளம்பிய ஆப்பிரிக்கச் சிப்பாய்களோடுதான் தெகோலின் தளபதி லெக்லெர்க் 1941 மார்ச்சில் லிபியாவின் குஃப்ராவைப் பிடித்தார். பாரிஸ் கைவிட்டுப்போன நேரத்தில் தெகோலுக்குக் காலூன்ற மண் கொடுத்தது ஆப்பிரிக்கா. இதைச் சொல்ல மறந்துவிட்டீர்கள்.

விசுவாசம் என்று பேசியதால் இன்னும் சொல்கிறேன். 1857இல் பிரெஞ்சு கவர்னர் ஃபெடெர்ப் இந்தப் பட்டாளத்தை செனகலில் ஆரம்பித்தார். பெயர்தான் செனகல் பட்டாளம், ஆட்கள் மாலி, கினி, புர்கினா, ஐவரி கோஸ்ட், பெனின், நைஜர் என்று எங்கிருந்தும் பிடிக்கப்பட்டார்கள். 1912இல் கட்டாய ஆள்சேர்ப்பு ஆணை. முதல் உலகப் போரில் ஊர்த் தலைவரிடம் 'இத்தனை ஆள் கொடு' என்று கேட்டு வாங்கினார்கள். 1915, 16இல் வோல்ட்டா பகுதியில் ஆள் கொடுக்க மாட்டோம் என்று ஊர் ஊராக ஆயுதம் தூக்கினார்கள், அதையும் பீரங்கி வைத்து அடக்கினார்கள். அந்தப் போரில் மட்டும் செத்த ஆப்பிரிக்கச் சிப்பாய்கள் ஏறத்தாழ 30,000. அது முடிந்ததும் 1919இல் சமாதானக் காலத்துக்கும் சேர்த்து மூன்று வருஷக் கட்டாயச் சேவை. 1940 ஜூனில் லியோனுக்குப் பக்கத்தில் சாசலேயில் சரணடைந்தவர்களில் கறுப்பரை மட்டும் தனியே பிரித்து ஜெர்மானியர் சுட்டுத் தள்ளினார்கள். 1944 ஆகஸ்டில் பிரான்சின் துலோன் துறைமுகத்தை மீட்கச் சண்டை போட்டவர்களும் இவர்கள்தான். மீட்டுக் கொடுத்த கையோடு அந்த இலையுதிர் காலத்திலேயே முன்னணியிலிருந்து இவர்களை எடுத்துவிட்டு, போட்டிருந்த உடுப்பைக்கூடக் கழற்றி வாங்கி வெள்ளைக்காரப் பையன்களுக்கு மாட்டினார்கள். வெற்றி ஊர்வலத்துக்கு முகம் வெள்ளையாக இருக்க வேண்டும்!

இந்த மனிதர்கள் கேட்டது தங்கள் சம்பளம். யாருடைய ராஜ்யத்தையும் கேட்கவில்லை.

இதற்கெல்லாம் நடுவில் என் கேள்வி அப்படியே நிற்கிறது. 400 பேர்.

குறிஞ்சி:
பட்டியல் போட்டுக்கொண்டே இருக்கிறீர்கள், நடுவில் மனுஷர் காணாமல் போய்விட்டார்கள். 2024இல் அறிவித்த அந்த ஆறு பேரில் ஒருவரை நீண்ட காலம் ஓடிப்போனவர் என்றே கணக்கில் வைத்திருந்தார்கள். செத்துப்போனவரை ஓடிப்போனவர் என்று எழுதினால் அந்த வீட்டுக்குப் பென்ஷனும் இல்லை, மரியாதையும் இல்லை. அவர் மகன் சின்னக் குழந்தையாக இருந்தபோது நடந்தது. அந்தப் பிள்ளை கிழவராகிற வரைக்கும் பிரெஞ்சு அரசுக்கு எழுதிக்கொண்டே இருந்தார். ஓடிப்போனவனுடைய பெண்டாட்டி என்று ஊரில் பேர் எடுத்த அந்த அம்மா எப்படி வாழ்ந்திருப்பார்? 35ஆ 350ஆ என்று இரண்டு பேரும் மோதுகிறீர்கள். அந்த வீட்டுக்கு எண் ஒன்றுதான்.

ஆற்காட்டான்:
குறிஞ்சி, உணர்ச்சி நல்லது. ஆனால் 'எண் முக்கியமில்லை' என்பதுதான் 80 வருஷமாக பிரான்ஸ் விரும்பும் பதில். எண் முக்கியம். 35 என்றால் அசம்பாவிதம் என்பார்கள், 350 என்றால் திட்டம் போட்டுச் செய்தது என்று ஒத்துக்கொள்ள வேண்டிவரும். திசை திருப்பாதீர்கள்.

குறிஞ்சி:
எண் முக்கியமில்லை என்று நான் எழுதவே இல்லை. மேலே போய்ப் படியுங்கள். ஒரு பெண் பேசினால் உடனே 'உணர்ச்சி' என்று முத்திரை குத்துவது உங்களுக்குப் புதிதில்லை. கருவூலம் ஐயா உங்களை மறுத்தபோது அவரிடம் 'உணர்ச்சி நல்லது' என்று சொன்னீர்களா? அவரிடம் வாதம் செய்தீர்கள், என்னிடம் அறிவுரை சொல்கிறீர்கள்.

ஆற்காட்டான்:
இதை இப்போது பெண் ஆண் சண்டையாக்க வேண்டாம். நான் யாருக்கும் முத்திரை குத்தவில்லை.

குறிஞ்சி:
குத்தினீர்கள்.

சொல்தா பேரன்:
என்னிடம் கேள்வி கேட்டவர் எல்லோரிடமும் சண்டை பிடித்து முடிக்கட்டும் என்று காத்திருந்தேன்.

ஆற்காட்டான் கவனமாகத் தவிர்க்கும் ஒரு விஷயம் இருக்கிறது. தியாரோயைச் சுற்றி வளைத்தவர்கள் யார்? மூன்று கம்பெனி ஆப்பிரிக்கச் சிப்பாய்கள். அதே உடுப்பு, அதே தொப்பி, அதே பாஷை. பாரிசிலிருந்து யாரும் வந்து சுடவில்லை. இதைச் சொன்னால் உங்கள் கதை கெட்டுவிடும், அதனால் டாங்கியை மட்டும் சொல்கிறீர்கள்.

தண்டனை பெற்றவர்கள் 34 பேர் என்பதையும் விட்டுவிட்டீர்கள். ராணுவ நீதிமன்றத்தில் விசாரணை நடந்தது. வக்கீல் வைத்து வாதாடினார்கள். வாதாடியவர் லமின் கேய், பின்னால் பிரெஞ்சு நாடாளுமன்றத்திலேயே உட்கார்ந்தவர். 1947இல் ஜனாதிபதி ஓரியோல் மன்னிப்பும் கொடுத்துவிட்டார். இதைப் படுகொலை செய்து மறைத்த நாடு என்கிறீர்கள்.

ஆற்காட்டான்:
மன்னிப்பு! சம்பளம் கேட்டவனுக்குச் சிறை, பிறகு மன்னிப்பு. குற்றம் செய்யாதவனை மன்னித்ததற்கு நான் நன்றி சொல்ல வேண்டுமா? அந்த 34 பேருக்கு 1945 மார்ச்சில் பத்து வருஷம் வரைக்கும் தண்டனை கொடுத்தார்கள். மன்னிப்பு வந்தது 1947இல். நடுவில் சிறையில் கிடந்த காலத்தை யார் திருப்பிக் கொடுத்தார்கள்? மன்னிப்பு என்றால் தீர்ப்பு ரத்து என்று அர்த்தமில்லை. அவர்கள் நிரபராதிகள் என்று எந்த நீதிமன்றமும் சொல்லவில்லை.

சுட்டவர்கள் ஆப்பிரிக்கர் என்கிறீர்கள். ஜாலியன்வாலா பாக்கில் டயர் கொண்டுபோய் நிறுத்திய சிப்பாய்கள் யார்? கூர்க்காக்களும் மற்ற இந்தியர்களும். 1,650 தோட்டா அவர்கள் துப்பாக்கியிலிருந்துதான் போனது. அதனால் டயர் குற்றவாளி இல்லை என்று அமிர்தசரஸ் போய்ச் சொல்லிப் பாருங்கள். அங்கேயும் அரசு எண் 379, காங்கிரஸ் விசாரணையின் எண் ஆயிரம். அங்கேயும் உங்களைப் போன்றவர்கள் 379ஐப் பிடித்துக்கொண்டு இருந்திருப்பார்கள். ஊர்க்காரனை வைத்தே ஊர்க்காரனைச் சுடுவதுதான் காலனிப் பட்டாளத்தின் வேலையே. அது அவர்களுக்குச் சாதகமான சாட்சி என்று நினைக்கிறீர்கள், நான் அதையே அவர்கள்மேல் வைக்கும் குற்றச்சாட்டாகப் பார்க்கிறேன்.

காசாபிளாங்கா பற்றி நீங்கள் எழுதிய நான்கு பதிவிலும் புதிதாக ஒரு வரி இல்லை. எந்த முகாம்? எந்தக் கப்பல்? எந்தத் தேதி?

கருவூலம்:
ஜாலியன்வாலா பாக் ஒப்புமை எனக்கும் சரியாகத்தான் படுகிறது. ஆனால் அங்கே இறந்தவர்களின் பெயர்களை வீடு வீடாகப் போய்ச் சேகரித்தார்கள். இங்கே இதுவரை என்ன இருக்கிறது? தியாரோய் ராணுவக் கல்லறையில் 202 கல்லறை. பெயர் எதிலும் இல்லை. அது 1944க்கு முன்பே இருந்த இடம், எல்லாக் கல்லறையையும் அந்த ஒரு நாளின் கணக்கில் எழுத முடியாது. பெரிய குழி தோண்டிப் புதைத்தார்கள் என்று பேச்சு உண்டு. பேச்சை நான் பதிவேட்டில் ஏற்ற மாட்டேன்.

சம்பளம் பற்றி ஆற்காட்டான் சொல்வதில் எனக்கு மறுப்பு இல்லை. முக்கால் பங்கு பாக்கி வைத்துக்கொண்டு ஆளை ரயிலேற்றி அனுப்பினால் பிறகு எங்கே போய்க் கேட்பான்? எந்தப் பட்டுவாடா அதிகாரிக்கும் இது தெரியும். கலைந்த ஆட்களின் பாக்கி கலைந்தே போகும். பமாக்கோ போனபின் தருகிறோம் என்றால் தர மாட்டோம் என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். அதில் சந்தேகமில்லை. என் தகராறு எண்ணோடு மட்டும்.

ஆற்காட்டான்:
அந்தக் கல்லறையை 2025இல் தோண்டினார்கள், கருவூலம். செனகல் அரசே தொல்லியல் ஆட்களை வைத்துத் தோண்டியது. உடம்பில் துப்பாக்கிக் குண்டோடு எலும்புக்கூடு கிடைத்தது. மமது தியூஃப் தலைமையில் வரலாற்று அறிஞர் குழு அக்டோபரில் செனகல் ஜனாதிபதி ஃபாயேவிடம் அறிக்கை கொடுத்தது. அவர்கள் சொல்லும் எண் 300இலிருந்து 400. பேச்சு என்கிறீர்களே, இது பேச்சா?

2024 நவம்பர் 28 தேதியிட்ட கடிதத்தில் மக்ரோன் ஃபாயேவுக்குப் 'படுகொலை' என்று எழுதியாகிவிட்டது. பிரான்ஸ் ஜனாதிபதியே ஒப்புக்கொண்டதைப் புதுச்சேரியில் ஒருவர் மறுத்துக்கொண்டிருக்கிறார்.

சொல்தா பேரன்:
மக்ரோன் கடிதத்தில் 400 என்று இருக்கிறதா? இல்லை. படுகொலை என்று எழுதினார், எண்ணிக்கை எழுதவில்லை. அரசியல்வாதி கடிதத்தை ஆவணம் என்று தூக்கிக்கொண்டு வருபவர், ராணுவ அறிக்கையை மட்டும் கதை என்று தள்ளுகிறார். செனகல் அரசு அமைத்த குழு செனகல் அரசு விரும்பியதைச் சொல்லியிருக்கிறது. பிரெஞ்சு ராணுவ அறிக்கை பிரான்சுக்குச் சாதகம் என்று சந்தேகப்படுகிறீர்களே, அதே சந்தேகம் இந்தப் பக்கமும் வர வேண்டாமா? 35 பேரோ எத்தனை பேரோ, இறந்தவர்களுக்காக எனக்கும் வருத்தம்தான். ஆனால் எங்கள் தாத்தா மெடலைக் கொலைகாரன் மெடல் என்று சொல்லிக் காட்டினால் சும்மா இருக்க மாட்டேன்.

ஆற்காட்டான்:
உங்கள் தாத்தாவைப் பற்றி நான் ஒரு வார்த்தை எழுதவில்லை. மெடல் என்ற சொல்லே இப்போதுதான் இந்த இழையில் வருகிறது. நீங்களே கொண்டுவந்து நீங்களே கோபப்படுகிறீர்கள்.

செனகல் குழு அரசு சொன்னதை எழுதியது என்கிறீர்கள். அப்படியானால் பிரான்ஸ் தன் காப்பகத்தை முழுசாகத் திறக்கட்டுமே? அன்றைய பிரெஞ்சு ஜனாதிபதி ஒல்லாந்த் 2014இல் தியாரோய் வந்து ஆவணப் பிரதிகளைக் கொடுத்தார், அதில் எல்லாம் இல்லை என்று செனகல்காரர்கள் அன்றிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். 2024இல் ஆறு பேரை அறிவித்தபோது அன்றைய செனகல் பிரதமர் சோன்கோ கேட்டதும் அதுதான். எத்தனை பேர் செத்தார்கள் என்று பிரான்ஸ் தனியாக உட்கார்ந்து முடிவு செய்ய முடியாது என்றார். காசாபிளாங்காவில் 400 பேர் இறங்கியிருந்தால் அந்த ஒரு தாளைக் காட்டினாலே மபோன் வாயை அடைத்துவிடலாம். காட்டவில்லை. ஏன்?

லாச்சப்பல் ரவி:
சொல்தா பேரன், உங்கட பாட்டிக்கு வாற காசில எனக்குப் பொறாமை இல்லை. அது அவவின்ர உரிமை. என்ர கேள்வி, அதே உரிமையை மாலிக்காரன் கேட்டால் உங்களுக்கு ஏன் கலகமாத் தெரியுது எண்டுதான். 14ஆம் திகதி கடற்கரையில பிரெஞ்சு தேசிய கீதம் மார்செய்யேஸ் பாடுறது உங்கட இஷ்டம். பாடிப்போட்டு வந்து செத்த சனத்தைக் குறைச்சு எண்ணாதேங்கோ.

சொல்தா பேரன்:
பிரான்ஸ் பிடிக்கவில்லை என்றால் அங்கே ஏன் இருக்கிறீர்கள் ரவி? அகதி விசாவும் அவர்கள் கொடுத்ததுதானே.

லாச்சப்பல் ரவி:
ஓம், வந்திட்டுது. எதிர்பார்த்தனான். வரி கட்டுறன், பன்னிரண்டு மணித்தியாலம் அடுப்படியில நிக்கிறன். வாய் மூடிக்கொண்டிருக்கவேணும் எண்டு எந்தப் பத்திரத்திலயும் கையெழுத்து வைக்கேல்லை. அந்த 315 பேரும் இதைத்தான் சொன்னவை.

மட்டுறுத்துநர்:
அகதி விசா பற்றிய வரிக்கு எச்சரிக்கை. அடுத்த முறை பதிவு நீக்கப்படும். வேலூர் பற்றிய பகுதிகளைப் பழைய இழைக்கு மாற்றுகிறேன். தியாரோய் மட்டும் பேசவும்.

கருவூலம்:
வேலூர்ப் பதிவை மாற்றுவதை ஆட்சேபிக்கிறேன். ஆற்காட்டான் எண்களைக் கையாளும் முறை பற்றியது அது. இந்த இழைக்கு நேரடித் தொடர்பு உண்டு. மாற்றினால் இரண்டு இடத்திலும் பாதி பாதியாகக் கிடக்கும்.

ஆற்காட்டான்:
நானும் ஆட்சேபிக்கிறேன், வேறு காரணத்துக்காக. என் பதிலும் சேர்ந்து போய்விடும். 'பதிலே வரவில்லை' என்று இவர் மறுபடியும் எழுதுவார்.

குறிஞ்சி:
மட்டுறுத்துநரே, விசா வரிக்கு எச்சரிக்கை கொடுத்தீர்கள். நான் மேலே சுட்டிக்காட்டியதைக் கண்டுகொள்ளவே இல்லை.

சொல்தா பேரன்:
எச்சரிக்கை எனக்கு மட்டும்தானா? என் பாட்டி பணத்தை முதலில் இழுத்தது யார்? நல்ல நியாயம். எங்கள் குடும்பத்துக்கு வந்த ராணுவத் தாள்கள் எல்லாம் பத்திரமாக இருக்கின்றன. பிரெஞ்சுப் பட்டாளம் காகிதத்தில் எவ்வளவு சுத்தம் என்று தாத்தாவின் சேவைப் புத்தகத்தைப் படம் எடுத்துப் போடுகிறேன். தேதி, ஊர், சம்பளம் எல்லாம் வரிக்கு வரி இருக்கும்.

ஆற்காட்டான்:
போடுங்கள். ஒரு தனி ஆளுக்கே தேதி, ஊர், சம்பளம் வரிக்கு வரி எழுதிவைத்த பட்டாளம், 400 பேர் காசாபிளாங்காவில் இறங்கியதற்கும் எழுதியிருக்க வேண்டுமே. அந்தத் தாளையும் சேர்த்துப் போடுங்கள்.

சொல்தா பேரன்:
மறுபடியும் 400. உங்களுக்கு வேறு வேலையே இல்லையா?

ஆற்காட்டான்:
பதில் வரும்வரை இதுதான் வேலை. எந்த முகாம்? எந்தக் கப்பல்?